மேவிஸ் ஆர்கில் பேசுகிறேன்

சிரிப்பு வரும். கட்டாயம் வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணித்தொட்டிக்கு அடியில் உருண்டு புரண்டு, போதும்ட்டி விட்டுரு என்று சிநேகிதி ருக்சானா கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரியான சிரிப்பு. அப்படித்தான் சத்தியம் பண்ணிக் கொடுத்து கெசியா அவளை இந்த மொட்டைமாடிக்கு ஏற்றியிருந்தாள். ஆனால் இப்போது இல்லை. இப்போது வந்தால் எல்லாம் பாழ். விக்ஸ் மிட்டாயை ஒதுக்குகிற மாதிரி அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியாகக் கெசியா எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், கம்பி போட்ட வராந்தாவில், ஞானசிகாமணி மாமா. அம்மாவின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைக் கோயில் முடிந்து, கறிச்சோறு முடிந்து, பனியனும் இடுப்பில் சாரமுமாகப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். வயிற்றின்மேல் ஒரு புத்தகம் கூரை போட்ட மாதிரிக் கவிழ்ந்திருக்கிறது. மூச்சு விட விட அந்தக் கூரை ஏறி இறங்குகிறது. மேவிஸ் ஆர்கில் புத்தகம்தான், வேறு யார் புத்தகம் அந்த வயிற்றில் ஏற முடியும், பைபிளைக்கூட அவர் மேசையில் வைத்துத்தான் வாசிப்பார். பாளையங்கோட்டையில் மேவிஸ் ஆர்கில் எழுதிய துப்பறியும் நாவல் அத்தனையும் வைத்திருக்கிற ஒரே ஆள். இங்கிலாந்தில் எங்கேயோ மழைக்குள் உட்கார்ந்து எழுதுகிற அந்தக் கிழவிக்கு இப்படி ஒரு வயிறு இங்கே ஏறி இறங்குவது தெரியுமா, தெரியாது, அவர் போட்ட கடிதம் ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை, இன்றைக்கு வரப்போகிறது, கடிதமாக இல்லை, குரலாக, இந்தா இந்தத் தொண்டையிலிருந்து. ருக்சானா தன் ஃபோனை இரண்டு கையாலும் கோழிக்குஞ்சு மாதிரிப் பிடித்திருந்தாள். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிற அவளுடைய அக்கா அங்கிருந்து மாமாவுக்கு அடித்து, இந்த ஃபோனையும் கான்ஃபரன்ஸில் சேர்த்துவிட்டு, தான் வாயைத் திறக்காமல் இருந்துவிட வேண்டும். மாமாவின் ஃபோனில் இங்கிலாந்து நம்பர்தான் விழும். "அக்கா ரெடியாம்ட்டி," என்றாள் ருக்சானா. "வாப்பாவுக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சிருவாவ." கெசியா சர்ச் ஐயரின் ஜெபக் குரலில், "பயப்படாதே சிறுமந்தையே," என்றாள். ருக்சானாவின் வாயிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. அவள் வாயைக் கெசியா பொத்தினாள். இப்ப இல்லை. பொறு.

ஏமாற்றினால் மெட்ராஸ். ஏமாற்றாவிட்டால் மாமா சொல்கிற பி.காம். அவ்வளவுதான் விஷயம், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று கெசியா காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மெட்ராஸில் ஒரு டப்பிங் ஸ்டுடியோ, குரல் பழக்குகிற வகுப்பு, அவள் பேசி அனுப்பியதைக் கேட்டுவிட்டு வா என்று சொல்லிவிட்டார்கள். அம்மா, மாமா சரின்னா சரி என்றாள். அம்மாவுக்கு எல்லாமே மாமா சரின்னா சரி. கிறிஸ்மஸ் சாப்பாட்டில், வீடு நிறையச் சொந்தக்காரர்கள், கெசியா பந்தி நடுவே நின்று ஒவ்வொருவர் குரலாக எடுத்தாள்: ஐயரை எடுத்தாள், ஹெட்மிஸ்ட்ரஸை எடுத்தாள், நிலையத்தில் ரயில் அறிவிக்கிற அம்மாவை எடுத்தாள், குருந்துடையார்புரம் பெரியம்மா மருமகளைத் திட்டுவதை மருமகளை வைத்துக்கொண்டே எடுத்தாள். பெரியம்மாவே சிரித்து இருமினாள். மாமா மட்டும் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார், "காக்கா கத்துனா காக்கான்னு தெரியும், குயிலு கூவுனா குயிலுன்னு தெரியும். நீ என்னட்டி? ஒனக்குன்னு ஒரு தொண்டை இருக்கா?" பத்து ஹெட்மிஸ்ட்ரஸ்கள் வந்து திட்டியிருந்தாலும் வலித்திருக்காது. அது வலித்தது, வலித்ததைக் காட்டாமல் அவர் குரலிலேயே, "இருக்கா?" என்று திருப்பிக் கேட்டாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் கையை நக்கிவிட்டு அந்த வார்த்தையை விட்டார்: "என்னைய ஒரு மட்டம் ஏமாத்திப் போடு பாப்போம். கோர்ட்டுல முப்பது வருசமா பொய்ய மட்டுமே கேட்டு வளந்த காது இது. ஒரு மட்டம் நான் ஏமாந்தேன்னு வையி, நானே ஒன்னைய மெட்ராஸ்ல கொண்டுபோய் விடுதேன்." ஜில்லா கோர்ட்டில் சிரஸ்தார். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து சாட்சிகளின் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. அந்த ஆளை யார் ஏமாற்ற முடியும். பால்காரர் குரலில் கூப்பிட்டுப் பார்த்தாள், "ஏட்டி, பால் வாங்கியாச்சு, போயிப் படி," என்றார் திரும்பிப் பார்க்காமல். தூத்துக்குடிச் சித்தப்பா குரலில் ஃபோன் போட்டாள், முழுசும் கேட்டுவிட்டு, "தூத்துக்குடில மழையா? இங்க எதிர்த்த வீட்டுலயுமா?" என்றார். தெரிந்த குரல் எதையும் அவர் காது தராசில் வைத்துவிடும். அப்படியென்றால் தெரியாத குரல் வேண்டும், ஆனால் அவர் நம்ப ஆசைப்படுகிற குரல். கெசியா தை மாதமெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு திரிந்து, ஒருநாள் அவர் அலமாரி முன்னால் நின்று, புத்தகங்களின் முதுகில் வரிசையாக அதே பெயரைப் பார்த்தபோது, நாக்குக்கு அடியில் முதன்முதலாக அந்த மிட்டாய் ஊறியது.

அடித்தது. வராந்தாவில் மாமாவின் ஃபோன் 'எந்தன் மேய்ப்பர்' என்று ஏதோ ஒரு மணியோசைப் பாட்டில் அலறியது, கூரை சரிந்து கீழே விழுந்தது, மாமா கண்ணாடியைத் தேடினார், எண்ணைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ருக்சானாவின் ஃபோனில் லேசாக ஒரு கடல் சத்தம், அதற்குள்ளிருந்து மாமா: "ஹலோ? ஞானசிகாமணி ஹியர்." பேச்சு முழுக்க இங்கிலீஷில்தான் நடந்தது, ஆனால் கெசியாவின் மண்டைக்குள் எல்லாமே தமிழாகத்தான் ஓடியது, ஓடியபடியே இங்கேயும். அவள் தொண்டையைக் கொஞ்சம் இறக்கினாள், கீழ்த்தாடையை முன்னால் தள்ளினாள், வாய்க்குள் சூடான உருளைக்கிழங்கு ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டாள். அதுதான் அந்தக் கிழவி. யூடியூபில் அவள் பேட்டிகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, குளிக்கும்போது பேசி, பாத்திரம் கழுவும்போது பேசி, அம்மா ஒருநாள் கதவைத் தட்டி உள்ள யாருட்டி என்று கேட்கிற வரைக்கும் பேசிப் பழகிய குரல். "மிஸ்டர் ஞானசிகாமணி, மேவிஸ் ஆர்கில் பேசுகிறேன். நீங்கள் என்மேல் கோபமாக இருப்பதாக என் பதிப்பகத்தார் சொல்கிறார்கள்." ஓட்டை வழியாகப் பார்த்தால் மாமா நாற்காலியில் இல்லை. ஓடிவிட்டாரா, கண்டுபிடித்துவிட்டாரா, ருக்சானா நகத்தைக் கடிக்கிறாள், அப்புறம் தெரிந்தது, அவர் உள்ளே போய்க் கொடியிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாக, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். உட்காரவில்லை. நீதிபதி வரும்போது நிற்கிற மாதிரி நின்றார். "மேடம்," என்றார். ஒரு ஃபோனுக்குச் சட்டை! ருக்சானா தன் தாவணியை உருண்டை பண்ணி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கெசியாவின் வயிற்றிலிருந்து அது கிளம்பி, நெஞ்சுவரைக்கும் வந்து, மேவிஸ் ஆர்கிலின் உருளைக்கிழங்கில் முட்டி நின்றது. போ. உள்ளே போ. இன்னும் நேரம் வரவில்லை.

கேள்வி கேட்கலாமா மேடம் என்றார். கேளுங்கள் என்றாள். முதல் நாவலை எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள் என்றார். இது பள்ளிக்கூடத்துக் கேள்வி, இதற்கெல்லாம் பதில் தயார், பேட்டிகளில் நூறு தடவை வந்தது: பகலில் பல் டாக்டரிடம் கிண்ணம் நீட்டுகிற வேலை, சாயங்காலம் பஸ் டெப்போ கேன்டீனில் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று குளிர்காலம். "பல் டாக்டரிடம் வேலை பார்த்தேன். மாலையில் பஸ் டெப்போ கேன்டீனில் எழுதினேன். வீட்டைவிட அங்கே கதகதப்பாக இருந்தது," என்றாள் கிழவி. 'ஈரத் தீப்பெட்டி' அப்படி வந்ததா என்று மாமா பெருமூச்சு விட்டார். மூச்சு மாடிவரைக்கும் கேட்ட மாதிரி இருந்தது. அதைப் பதிப்பகத்தார் திருப்பி அனுப்பினார்கள் இல்லையா என்றார். எல்லாரும்தான் என்றாள், ஒருத்தர் பிரிக்காமலே அனுப்பினார், கட்டிய நூல் அப்படியே இருந்தது. இது பேட்டியில் இல்லை. எங்கிருந்து வந்தது இந்த நூல்? தானாக வந்தது. வந்தது பிடித்திருந்தது. புத்தகங்களை எல்லாம் மாமாவுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக உருவி, அட்டையைக் கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்து அவள் வாசித்திருந்தாள், குரலுக்காகத்தான் வாசிக்க ஆரம்பித்தாள், அப்புறம் குரல் மறந்துபோய்விட்டது. வடக்குக் கடற்கரையில் எப்போதும் மழை பெய்கிற ஒரு மீன்பிடித் துறைமுகம், அதில் இன்ஸ்பெக்டர் ஹாப்லி, படகு பாய்லர் வெடித்து ஒரு காது போனவர். யார் என்ன சொன்னாலும், மன்னிக்கணும், இன்னொரு தடவை சொல்லுங்க என்பார். அவ்வளவுதான் அவருடைய வித்தை. பொய் சொல்கிறவன் பாடம் பண்ணினதை அச்சு மாறாமல் ஒப்பிப்பான். நிஜம் சொல்கிறவன் இரண்டாம் தடவை அந்த இடத்துக்கே திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான், அதனால் கொஞ்சம் மாறும், கொஞ்சம் எரிச்சலும் வரும். ஒரு முன்னுரையில் கிழவியே சொல்லியிருந்தாள், முதல் நாவல் வந்ததும் பத்திரிகைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி எழுதினார்கள், இது நகல், இன்னொருத்தர் குரல், இந்த அம்மாவுக்குச் சொந்தக் குரல் கிடையாது என்று. அந்த இடத்தை வாசித்தபோது கெசியாவுக்கு எலும்பு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கிழவி என்ன செய்தாள், அழுதாளா, பல் டாக்டரிடம் திரும்பப் போனாளா, இல்லை, இரண்டாவது நாவலை எழுதினாள், 'ஏழு விமர்சகர்கள், ஒரு பிணம்'. ஏழு பேரும் சந்தேகப்படுகிறவர்கள், ஏழு பேரும் அந்தந்தப் பத்திரிகைக்காரன் எழுதுகிற நடையிலேயே பேசுவார்கள், அவனவன் கமா போடுகிற இடத்திலேயே நின்று மூச்சு விடுவார்கள், தன் குரலைத் தானே வாசித்துவிட்டு நிஜப் பத்திரிகைக்காரர்கள் ஏழு பேரும் வாயடைத்துப்போனார்கள். கெசியா அந்தப் புத்தகத்தை முடித்த அன்றைக்கு மாடிக்கு வந்து தண்ணித்தொட்டியைச் சுற்றி ஓடினாள். நகல்தான், போங்க. நகல்தான் என்ன இப்ப. உங்களைவிட உங்களை நல்லாப் பேசுவேன்.

"லைன் கொஞ்சம் கரகரவென்றிருக்கிறது மேடம்," என்றார் மாமா. "மன்னிக்கணும். முதல் நாவலை எங்கே உட்கார்ந்து எழுதினதாகச் சொன்னீர்கள்?" தொட்டியின் அடியில் ஈரமாக ஒரு சொட்டு கெசியாவின் பிடரியில் விழுந்தது. அல்லது வியர்வை. இந்தா வந்துவிட்டது. ஹாப்லி. லைன் கரகரக்கவே இல்லை, அவருடைய இரண்டு காதும் பாம்புக் காது, எதிர்வீட்டில் கெசியா தாளை மாற்றிப் போட்டால்கூட என்னட்டி பாடத்த மாத்திட்டியா என்று கேட்கிற காது. தராசை எடுத்துவிட்டார். நின்ற இடத்திலேயே நிற்கிறார், தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பொய்யை வடிகட்டுகிற சாய்வு, கோர்ட்டுக்குச் சோறு கொண்டுபோனபோது பார்த்திருக்கிறாள், எதிரே நின்ற ஆள் அந்தச் சாய்வைப் பார்த்தே தடுமாறினான். பல் டாக்டரிடம் வேலை பார்த்தேன், மாலையில் பஸ் டெப்போ, வாக்கியம் அதே வரிசையில் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது, பரீட்சையில் பாடம் வந்து நிற்கிற மாதிரி, அதைச் சொன்னால் தீர்ந்தது, பி.காம், வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம். விழுங்கினாள். அந்த இடத்துக்குப் போ. போய்ப் பார்த்துவிட்டு வா. கெசியா எந்தக் கேன்டீனுக்குப் போவாள், அவளுக்குத் தெரிந்தது பாளை பஸ் ஸ்டாண்ட் டீக்கடைதான், சரி அங்கேயே போ, மழையை மட்டும் சேர்த்துக்கொள். "அதுதான் சொன்னேனே," என்றாள் கிழவி எரிச்சலாக. "கேன்டீனில். மேசைக்கு ஒரு கால் குட்டை. பஸ் டிக்கெட்டை மடித்து முட்டுக் கொடுப்பேன், மறுநாள் யாராவது பெருக்கி எடுத்திருப்பார்கள். ஒரு டிரைவர் தினமும் என் எதிரில் வந்து மீன் தின்பார். பிணத்தை எங்கே போடட்டும் என்று அவரிடம்தான் கேட்டேன். பின் சீட்டுக்கு அடியில் போடு, அங்கே ஒருத்தரும் பெருக்க மாட்டார்கள் என்றார். உங்களுக்கு இன்னொரு முறை சொல்லவேண்டுமா மிஸ்டர் ஞானசிகாமணி, அல்லது உங்கள் காதும் பாய்லரில் போய்விட்டதா?" தலையின் சாய்வு மெல்ல நிமிர்ந்தது. அப்புறம் மாமா, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்ட சட்டையோடு, பிரம்பு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். ஏமாந்துவிட்டார். கோர்ட்டு முழுக்கச் சேர்ந்து வளர்த்த காது, கெசியாவின் உருளைக்கிழங்கில் ஏமாந்துவிட்டது. ருக்சானா இரண்டு கையையும் மேலே தூக்கி ஓசையில்லாமல் குதித்தாள், கழுத்தை அறுக்கிற மாதிரிக் கையால் காட்டினாள், போதும், வெட்டு, இப்பச் சிரி. இப்பச் சிரிக்கலாம். ஜெயித்தாயிற்று. கெசியா வாயைத் திறந்தாள்.

"ஹாப்லிக்கு ஏன் காது மெஷின் கொடுத்தீர்கள்?" என்றார் மாமா. குரல் மாறியிருந்தது. கெசியாவிடம் மாமாவின் எல்லாச் சத்தமும் உண்டு, காறுகிற சத்தம், ஜெபம் பண்ணும்போது மூக்கால் பேசுகிற சத்தம், செருப்பைத் தேடுகிற முனகல், சிரிப்பு மட்டும் கிடையாது, சிரித்தால்தானே எடுப்பதற்கு. இந்தக் குரலும் அவளிடம் இல்லை. வாயை மூடினாள். கடைசியாக வந்த 'இடது காது' நாவலில் ஹாப்லிக்கு ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துவிடுகிறார்கள், எல்லாம் கேட்கிறது, அதனால் இரண்டாம் தடவை கேட்பதை விட்டுவிடுகிறார், முதன்முறையாக ஒருத்தி அவரை ஏமாற்றிவிட்டுக் கப்பலேறிப் போய்விடுகிறாள். மாமா அந்தப் புத்தகத்தை முடித்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இதற்குப் பேட்டியில் பதில் இல்லை. கெசியா யோசித்தாள், யோசிக்கிற நேரத்தைக் கிழவியின் இருமலாக்கினாள். "அவர் தூங்கட்டும் என்றுதான்," என்றாள். "வாழ்நாள் முழுக்க எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். ஒரு தடவை ஏமாந்து பார்க்கட்டுமே. அப்படி என்ன ஆகிவிடும்?" வராந்தாவில் காற்றாடி சுற்றுகிறது, விழுந்த புத்தகத்தின் தாள் ஒன்று எழும்பிப் படிகிறது. "என் தங்கை மகள் ஒருத்தி இருக்கிறாள் மேடம்," என்றார். தண்ணித்தொட்டிக்கு அடியில் மூன்றாவதாக யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. "யார் குரலையும் எடுப்பாள். என்னிடமே என்னைப்போலப் பேசுவாள். அவள் அப்பனும் அப்படித்தான். மெட்ராஸுக்குப் போனான். அந்த நடிகர் மாதிரிப் பேசு, இந்த நடிகர் மாதிரிப் பேசு என்று கேட்டார்களே தவிர, எட்வின் மாதிரிப் பேசு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மஞ்சள்காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று நான்தான் போனேன். தண்ணி கேட்டான் மேடம். ஒரு சினிமா நடிகர் குரலில் கேட்டான். வார்டே சிரித்தது. நர்ஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். விளையாட்டா, நிஜமாகவே தாகமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் காதுக்குத் தெரியவில்லை."

அப்பா. அவளுக்கு நான்கு வயதில் இறந்துபோனவர். அவர் தொண்டைதான் உனக்கு என்று பெரியம்மா சொல்வாள், எல்லாரும் சொல்வார்கள், ஆனால் அந்தத் தொண்டையில் என்ன குரல் இருந்தது என்று கெசியாவுக்குத் தெரியாது. எல்லார் குரலையும் எடுக்கிறவளுக்கு எடுக்க வராத ஒன்று அது, ராத்திரி போர்வைக்குள் எத்தனையோ தடவை தேடிப் பார்த்திருக்கிறாள், வாயைத் திறந்தால் யார் யாரோ வருவார்கள், ஐயர் வருவார், பால்காரர் வருவார், அவர் வரமாட்டார். ருக்சானாவின் கை தோளில் விழுந்தது, தாவணி உருண்டை வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது, வச்சிருட்டி, போதும் என்று உதடு மட்டும் அசைந்தது. வைக்கமாட்டேன். அழுகை வருமோ என்று பார்த்தாள், வரவில்லை, வந்தது கோபம், காலிலிருந்து கிளம்பி வருகிற கோபம். யார் குரலில் கேட்டால் என்ன? நடிகர் குரலில் கேட்டால் நடிகருக்கா தாகம்? தொண்டை அவருடையது, வறண்டது அவருக்கு, குடுத்துத் தொலைக்கவேண்டியதுதானே தண்ணியை! அந்த நர்ஸையும் வார்டையும் விட்டுவிட்டு, என்னைப் பிடித்து பி.காமில் உட்கார வைத்தால் அப்பாவுக்குத் தாகம் தீர்ந்துவிடுமா? இத்தனை வருஷம் என் வாயைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் இதற்குத்தானா, நான் வாயைத் திறக்கிறபோதெல்லாம் அந்தக் கட்டில் தெரிகிறதா உங்களுக்கு, தெரிந்தால் சொல்லவேண்டியதுதானே மாமா, இங்கிலாந்துக்காரிக்குச் சொல்கிறதை எதிர்வீட்டுக்குச் சொல்ல என்ன கேடு. வெயில் சுவரிலிருந்து இறங்கி அவள் முட்டிக்கு வந்திருந்தது. முட்டி சுட்டது. "அவளை அனுப்பலாமா மேடம்?" என்று கேட்டது ஃபோன். "எழுதுகிறவர் நீங்கள். உங்களையும் நகல் என்றார்கள். நீங்கள் சொன்னால் அனுப்பிவிடுகிறேன்."

சொல்லிவிடலாம். அனுப்புங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை, உருளைக்கிழங்கோடு சொன்னால் போதும், நாளைக்கே பெட்டி கட்டலாம், மாமா சாகிற வரைக்கும், மேவிஸ் ஆர்கிலே சொன்னாங்க என்று கோயில் வாசலில் சொல்லிக்கொண்டு திரிவார், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ருக்சானா சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டுகிறாள். கிழவி வாய்க்குள் தயாராக நிற்கிறாள். ஆனால் அப்படிப் போனால் அது அந்தக் கிழவி அனுப்பின மெட்ராஸ். கெசியா ஜெயித்த மெட்ராஸ் எங்கே போச்சு? இந்த மாடியில் பிடரி நனைய உட்கார்ந்து, பாளை டீக்கடையில் மழை பெய்ய வைத்து, அந்தக் காதை ஏமாற்றினது யார்? ஒரு தொண்டை இருக்கா என்று கேட்டீர்கள் இல்லையா, அந்தத் தொண்டைதான், அதன் பெயரைச் சொல்லாமல் வெள்ளைக்காரி கையால் பிச்சை வாங்கிக்கொண்டு ரயிலேறினால், அப்பா தண்ணி கேட்ட கதைதான் திரும்ப, நான் கேட்டேன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. மாட்டேன். கெசியா உருளைக்கிழங்கைத் துப்பினாள். நிஜமாகவே ஒரு பக்கமாகத் திரும்பித் துப்பினாள். முதுகை நிமிர்த்தினாள், வயிற்றை முன்னால் தள்ளினாள், எலும்பு உறிஞ்சின கை ஒன்றை மனசுக்குள் நக்கினாள். மேவிஸ் ஆர்கில் பேசிக்கொண்டிருந்த அதே ஃபோனில், இங்கிலாந்து போய்த் திரும்பி வருகிற கடல் சத்தத்துக்கு நடுவே, ஞானசிகாமணி மாமாவின் குரல் மாமாவின் காதுக்குள் பேசியது: "என்னைய ஒரு மட்டம் ஏமாத்திப் போடு பாப்போம். ஒரு மட்டம் நான் ஏமாந்தேன்னு வையி, நானே ஒன்னைய மெட்ராஸ்ல கொண்டுபோய் விடுதேன்."

ஓட்டை வழியாகப் பார்த்தாள். மாமா ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். எண்ணைப் பார்த்தார், இங்கிலாந்து எண்தான். திரும்பக் காதில் வைத்தார். முப்பது வருஷப் பழக்கம் விடுமா. "என்ன?" என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க." இரண்டாம் தடவை. கெசியா எழுந்து நின்றாள். தொட்டி தலையில் இடித்தது, பொருட்படுத்தவில்லை, கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரிய, வெயிலில், முழுசாக நின்றாள். தொண்டையில் ஒருத்தரும் இல்லை. கிழவி இல்லை, ஐயர் இல்லை, மாமாவும் இல்லை, வறண்டு போய் வெறும் தொண்டையாக இருந்தது, அதிலிருந்து என்ன குரல் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை, வந்தது, கொஞ்சம் கட்டையாக, நடுவில் ஒரு இடத்தில் உடைந்து. "எப்ப மாமா கொண்டு விடுதிய?" என்றாள். "பெட்டி கட்டணும். தண்ணி பாட்டில் எடுத்துக்கிடுதேன், யார் கிட்டயும் கேக்க மாட்டேன்." மாமாவின் காதில் ஃபோன் அப்படியே இருந்தது. பிறகு தலை மெல்லக் குனிந்தது. தன் சட்டையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாரத்துக்கு மேலே, கழுத்துவரைக்கும் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு விரலால் அந்தக் கழுத்துப் பட்டனைத் தொட்டார். தொட்ட விரல் அங்கேயே நின்றது. அப்புறம் தலை நிமிர்ந்தது, பார்வை கம்பி வழியாக, தெருவைத் தாண்டி, மாடியில் வந்து நின்றது. ஃபோனைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏட்டி," என்றார் தெருவே கேட்க. அதற்குமேல் சிரிப்பு அவரைப் பேச விடவில்லை. வயிறு குலுங்க ஆரம்பித்திருந்தது.